படிவத்தில் மூன்று பேர்

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜம்புநாதனுக்கு அமெரிக்காவிலிருந்து மூன்று தடித்த உறைகள் வந்தன. நியூ ஜெர்சி, ஒஹாயோ, இலினாய் ஆகிய மூன்று மாநிலங்களின் வருமான வரிப் படிவங்கள். அவன்தான் எழுதிக் கேட்டிருந்தான். கேட்டபோது இருந்த தைரியம் அவை வந்து சேர்ந்ததும் போய்விட்டது.

அவனும் மனைவி கனகவல்லியும் லண்டனுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வெம்பிளியில் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க அமெரிக்காவில். ஜம்புநாதன் கம்ப்யூட்டர் புரோகிராமர். எங்கே வேலை இருக்கிறதோ அங்கே கம்பெனி அவனை அனுப்பும். ஜனவரியிலிருந்து மே வரை நியூ ஜெர்சி. மே மாதம் ஒஹாயோவில் கொலம்பஸ் நகரம். செப்டம்பரில் அங்கிருந்து இலினாயில் சிகாகோ பக்கம். புத்தாண்டு பிறந்ததும் லண்டன். கம்பெனியின் சம்பளப் பிரிவு இந்த அலைச்சலைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் வருஷம் முழுக்க நியூ ஜெர்சியிலேயே இருந்ததாக வைத்துக்கொண்டு அந்த மாநிலத்துக்கே வரி பிடித்திருந்தது. இப்போது நியூ ஜெர்சியிடம் கொஞ்சம் திரும்பக் கேட்க வேண்டும். மற்ற இரண்டு மாநிலங்களுக்கும் அவற்றின் பங்கைக் கட்ட வேண்டும். மத்திய அரசுக்கென்று தனியாக ஒரு படிவம் வேறு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேசையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்த்தான். எதிரே கனகவல்லி பீன்ஸ் நறுக்கிக்கொண்டோ, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டோ இருப்பாள். நியூ ஜெர்சியில் வாடகை எவ்வளவு, சிகாகோவில் எந்தத் தேதியில் சாவி வாங்கினோம் என்று கேட்டால் டக்கென்று சொல்வாள். கேட்காதது ஒஹாயோவைப் பற்றி மட்டும்தான். அந்தப் படிவத்தை அவன் எப்போதும் அடியில் வைத்தான். அதை அவள் கவனித்ததை அவனும் கவனித்தான்.

அலுவலகத்தில் அவனோடு வேலை பார்க்கும் நரசிம்மன்தான் வழி சொன்னான். "தோர்ண்டன் ஹீத்ல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்காங்கடா. இம்மாகுலேற்னு பேரு. அமெரிக்காக்காரங்களுக்கு டாக்ஸ் பார்க்கற ஆபீஸ்ல பத்து வருஷமா வேலை. சனிக்கிழமைல வீட்லயே பண்ணிக் குடுப்பாங்க. போன வருஷம் என்னோடதையும் அவங்கதான் பண்ணாங்க. ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், அதனால வீட்லயும் கூட்டிட்டுப் போ."

ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை இருவரும் விக்டோரியாவில் ரயில் மாறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாசலில் வைத்து விற்கும் தமிழ்க் கடை. அதைத் தாண்டி இரண்டாவது தெருவில் வீடு. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். கட்டை முடி, காதில் பென்சில், கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் சரியான குளிர்" என்றாள் இம்மாகுலேற். "நரசிம்மன் சொன்னவர். ஒரு வருஷத்தில மூண்டு ஸ்டேற், என்ன? எனக்கு இது பிடிக்கும். ஒரே இடத்தில இருக்கிற ஆக்களின்ர ஃபாரம் நிரப்பி நிரப்பி அலுத்துப்போச்சு."

முன்னறையில் பெரிய மேசை. அதன் மேல் பெட்டி பெட்டியாகக் காகிதங்கள். அவளுடைய கணவர் கிறிஸ்துநாயகம் தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் மினிகாப் டாக்ஸி ஓட்டப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். இம்மாகுலேற் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடு இழுத்து, அதைப் பன்னிரண்டாகப் பிரித்தாள்.

"முதல்ல திகதியள் வேணும். ஒவ்வொரு ஸ்டேற்றும், நீங்கள் எந்த நாள் வந்து எந்த நாள் போனீங்கள் எண்டு கேக்கும். அந்த நாளுக்குள்ள உழைச்ச காசு மட்டும்தான் அவையளுக்கு. சொல்லுங்கோ, நியூ ஜெர்சியில இருந்து எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"மே பன்னெண்டு."

"ஒஹாயோவை விட்டு?"

"செப்டம்பர் ஒன்பது" என்றான் ஜம்புநாதன்.

"பத்து" என்றாள் கனகவல்லி.

அவன் திரும்பிப் பார்த்தான். "ஒன்பதாம் தேதிதானே சாமானெல்லாம் ஏத்தினோம்?"

"சாமான் போச்சு. நாம போகல. அன்னிக்கு ராத்திரி வெறும் தரையில படுத்திருந்துட்டு மறுநாள்தான் கிளம்பினோம். கோட்டைச் சுருட்டித் தலைக்கு வச்சுக்கிட்டோம்."

"ஓ. ஆமா."

"அவ சொல்லுறதை எழுதுறன்" என்று சிரித்தாள் இம்மாகுலேற். "இந்த விஷயத்தில எப்பவும் பொம்பிளையளின்ர கணக்குத்தான் சரியா வரும்."

சம்பளச் சான்று, வங்கித் தாள்கள், வீட்டு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. அவள் வேகமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டுக்கட்டாகப் பிரித்தாள். ஜம்புநாதன் கடைசியில் ஒரு பழுப்பு உறையை எடுத்துத் தயக்கத்தோடு நீட்டினான்.

"இது ஆஸ்பத்திரிச் செலவு. இன்சூரன்ஸ் போக மிச்சம் நாங்க கட்டினது. நரசிம்மன் எடுத்துட்டுப் போகச் சொன்னான். கழிக்க முடியுமான்னு…"

"தொகை கூடவாய் இருந்தால் கழிக்கலாம். பாப்பம்." அவள் பில்களைப் புரட்டினாள். மூன்றாவது தாளில் விரல் நின்றது. நாலாவதைப் பார்த்துவிட்டு மறுபடி மூன்றாவதற்கு வந்தாள். அவன் பென்சிலால் நிரப்பிக் கொண்டுவந்திருந்த படிவத்தை இழுத்துப் பார்த்தாள்.

"நீங்கள் இதில வீட்டில ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கிறியள்."

"ஆமா. ரெண்டு பேர்தான்."

"இந்த பில் கனகவல்லியின்ர பேரில. சரி. அடுத்தது வேற பேரில இருக்கு." அவள் சத்தமாக வாசிக்கவில்லை. தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தாள். 'ஜம்புநாதன், பெண் குழந்தை' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

வெளியே ஒரு பஸ் நின்று புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. ஜம்புநாதன் கோப்பையைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. இம்மாகுலேற் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவனிடமல்ல, கனகவல்லியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் இருந்தவ?"

"மூணு மணி நாற்பது நிமிஷம்" என்றாள் கனகவல்லி.

ஒன்பது மாதத்தில் அவள் குழந்தையைப் பற்றி வாய் திறந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. நிமிஷம் வரைக்கும் அவள் எண்ணி வைத்திருப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

போன ஜூலை பதின்மூன்றாம் தேதி நடந்தது அது. கனகவல்லிக்கு ஆறாம் மாதம். காலையில் அவனை டொலீடோ என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். கொலம்பஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். அவன் கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்தான். அங்கே போன் கிடையாது. வரவேற்பறைப் பெண் துண்டுச் சீட்டோடு வந்து கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. அவன் மருத்துவமனைக்குள் ஓடி நுழைவதற்கு இருபது நிமிஷம் முன்னால் எல்லாம் முடிந்திருந்தது.

"அப்ப மூண்டு பேர்" என்றாள் இம்மாகுலேற். குரலில் எந்த நெகிழ்ச்சியையும் வலிந்து கொண்டுவரவில்லை. ஆனால் மிகவும் நிதானமாகப் பேசினாள். "அமெரிக்கச் சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு. பிள்ளை உயிரோட பிறந்து ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தாலும், அந்த வருஷம் முழுக்க அது உங்கட பிள்ளைதான். ஃபாரத்தில எழுத வேணும். பிறப்புச் சான்றிதழ் ஒரு கொப்பி இணைக்க வேணும்."

"வேண்டாம் மேடம்" என்றான் ஜம்புநாதன் அவசரமாக. "ரெண்டுன்னே இருக்கட்டும். அதை வச்சு வரில சலுகை வாங்கறது… எனக்குப் பிடிக்கல. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம்."

"காசை ஒருபக்கம் விடுங்கோ, தம்பி. விருப்பமில்லாட்டி நான் வற்புறுத்தமாட்டன். ஆனா அவையள் அந்த இடத்தில காசைக் கேக்கேல்லை. உங்கட வீட்டில எத்தனை பேர் எண்டு கேக்கினம். கீழ, எழுதினதெல்லாம் உண்மை எண்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடப் போறியள்."

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கனகவல்லி சொன்னாள்.

"மூணுன்னு போடுங்க."

"வல்லி…"

"மூணுன்னு போடுங்க அக்கா. ரெண்டுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இம்மாகுலேற் இருவரையும் பார்த்தாள். "சான்றிதழ் இருக்கோ?"

"இருக்கு" என்றான் அவன். "இங்க எடுத்துட்டு வரல."

"அப்ப அடுத்த சனி வாங்கோ. அவசரமில்லை. வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு ஜூன் வரைக்கும் தவணை இருக்கு."

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். கிளாப்ஹாம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"சர்டிபிகேட் எங்க இருக்கு? வீட்ல நான் பார்க்காத பெட்டியே இல்ல."

"ஆபீஸ்ல. என் டிராயர்ல."

"லண்டன் ஆபீஸ்லயா?"

"ம். அதுக்கு முன்னாடி சிகாகோ ஆபீஸ்ல. ஃபிளைட்ல சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தேன்."

"ஏன்?"

"உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் அவன் அறைக்குள் ஓடிவந்தபோது முதலில் கேட்டது, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதுதான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றிலிருந்து அவளிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது, பேசினால் தாங்கமாட்டாள் என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். பாதி பூட்டியிருந்த தொட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். அவள் பார்க்காத நேரத்தில் சின்னச் சட்டைகளை ஒரு சர்ச் வாசலில் கொண்டுபோய் வைத்தான். எதையெல்லாம் மறைக்க முடியுமோ அத்தனையையும் மறைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். கோடைக்கால நேரம் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறரை மணிக்கும் மாடி அறையில் நல்ல வெளிச்சம். கனகவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உறையை அவள் பக்கத்தில் கட்டிலின் மேல் வைத்தான்.

"பிரிச்சுப் பாரு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மறுநாள் பதிவு பண்றதுக்கு ஒரு பொண்ணு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பேர் என்னன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது, என்ன வேணா எழுதிக்கங்கன்னு சொன்னேன். பேரில்லாமலே பதிவு பண்ணலாம்னும் சொன்னாங்க. நீங்க அப்படித்தான் பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"இல்ல."

அவள் உறையைப் பிரித்தாள். பச்சைக் கரை போட்ட காகிதம். பெயர் என்ற இடத்தில் தட்டச்சில் இருந்ததை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். செண்பகம்.

நியூ ஜெர்சியில் இருந்தபோது ஒருநாள், துணி துவைக்கும் கடையில் இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருக்கையில், பெண் பிறந்தால் செண்பகம் என்று வைக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏதோ ஆயா பேரு மாதிரி இருக்கு. எங்கம்மா பேரு விசாலாட்சின்னு காத்துக்கிட்டு இருக்கறப்ப உனக்கு செண்பகமா?" என்று கேட்டான். அவள் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

"நீங்க சிரிச்சீங்களே" என்றாள் இப்போது.

"சிரிச்சேன். அப்புறம் வேற எந்தப் பேரும் வாயில வரல. அந்தப் பொண்ணு எழுத்தெழுத்தா சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். உன்கிட்ட கேக்காம வச்சுட்டோமேன்னு அப்புறம் பயம். நீ பேசவே இல்ல. நாளாக ஆக, எப்படி சொல்றதுன்னே தெரியல."

அவள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடலாமா என்று யோசித்துப் பிறகு அவள் முதுகில் கை வைத்தான். கீழ் வீட்டிலிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது.

"நீங்க வந்ததும் எனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டீங்க" என்றாள் அவள் கொஞ்சநேரம் கழித்து. "குழந்தை எங்கன்னு கேக்கல. உங்களுக்கு அது குழந்தையாவே படலைன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் பேசல. பேசினா, போனது போச்சு விடுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"வாசல்லயே நர்ஸ் சொல்லிட்டாங்க வல்லி. உள்ள வர்றப்பவே எனக்குத் தெரியும். உனக்கும் ஏதாவது ஆயிடுச்சோன்னு அந்தப் பயத்துல கேட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் மனதில் உறைந்திருந்த ஒன்று இவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே நம்ப முடியவில்லை.

"நீங்க பார்க்கவே இல்லையே. சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

அவள் சொன்னாள். பொழுது சாயும்வரை சொன்னாள். வயதான ஒரு கறுப்பின நர்ஸ் குழந்தையைச் சின்னத் துவாலையில் சுற்றி அவள் நெஞ்சின் மேல் வைத்தது. மிகவும் சின்னது என்பதால் எந்த இயந்திரத்திலும் வைத்துப் பயனில்லை, அம்மாவிடமே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னது. தோல் செக்கச்செவேல் என்று, தொட்டால் பழுத்த தக்காளித் தோல் மாதிரி இருந்தது. "காது உங்க காதுதாங்க. மேல லேசா மடிஞ்சிருந்தது. அழவே இல்ல. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினா. நான் விரலை வச்சேன், பிடிச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் விடல. எனக்குத் தாலாட்டெல்லாம் ஒண்ணும் வரல. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொன்னேன், வேற எதுவும் ஞாபகம் வராம."

ஜம்புநாதன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அவன் கண்ணிலிருந்து வழிந்தது. அவளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

பிறகு அவன் தன் பங்கைச் சொன்னான். மருத்துவமனை ஏற்பாடு செய்த இடுகாட்டில் அவனும் ஒரு பாதிரியாரும் குழி தோண்டியவரும் மட்டும் இருந்தார்கள். நம் முறை என்னவென்று பாதிரியார் கேட்டபோது அவனுக்குத் தெரியவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த பாலைக் கொஞ்சம் ஊற்றினான். ஏரிக்கரை ஓரம், ஒரு மேப்பிள் மரத்துக்குப் பக்கத்தில். அங்கே வரிசையாகக் குழந்தைகள்தான். சிகாகோவுக்குப் புறப்படுவதற்கு முன்னால் மூன்று தடவை தனியாகப் போய்விட்டு வந்திருந்தான். அவளிடம் பெட்ரோல் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

"ஆமா. தப்புதான்."

"போகணும். என்னிக்காவது."

"போலாம்."

சனிக்கிழமை மறுபடி தோர்ண்டன் ஹீத். இம்மாகுலேற் மூன்று மாநிலத்துக்கும் கணக்குப் போட்டு முடித்து வைத்திருந்தாள். சான்றிதழை வாங்கிக் கவனமாகப் படித்தாள். "செண்பகம். வடிவான பேர்" என்றாள். மத்திய அரசின் படிவத்தை எடுத்து, பேனாவை மேசையின் குறுக்கே கனகவல்லியிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்கோ. அம்மாவின்ர கையெழுத்தாயிருக்கட்டும்."

கனகவல்லி கட்டத்துக்குள் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் அடையாள எண் கேட்டிருந்தது. எண் வாங்குமுன் போய்விட்ட குழந்தைகளுக்கு அந்த இடத்தில் இறந்தது என்று ஒரே சொல்லாக எழுத வேண்டும் என்றாள் இம்மாகுலேற். அங்கே வந்ததும் பேனா நின்றது. ஜம்புநாதன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தானே அந்தச் சொல்லை எழுதினான்.

"இனி இது" என்று இம்மாகுலேற் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். "வருஷத்தில எத்தனை மாசம் உங்களோட இருந்தவ எண்டு கேக்குது. பன்னிரண்டு எண்டு எழுதுங்கோ."

"பன்னெண்டா?" என்றான் அவன். "மூணு மணி நேரம்தானே…"

"வருஷத்துக்குள்ள பிறந்தாலும் செத்தாலும் முழு வருஷம்தான். ஃபாரத்தின்ர பின்பக்க விளக்கத்தில கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ. நானா இரக்கப்பட்டுச் சொல்லேல்லை."

கனகவல்லி பன்னிரண்டு என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாநிலப் படிவங்கள். ஒஹாயோவின் தாளில் மூன்று பேர் என்று போட்ட இம்மாகுலேற், இலினாய்த் தாளை எடுத்து அதிலும் மூன்று என்று போட்டாள்.

"இங்க அவ இல்லையே அக்கா. நாங்க ரெண்டு பேர்தான் சிகாகோ போனோம்."

"இலினாய் அதைக் கேக்காது. பெரிய ஃபாரத்தில எத்தனை பேரோ, இதிலயும் அத்தனை பேர். நீங்கள் போன இடமெல்லாம் அவவும் வந்தவ எண்டுதான் அவையளின்ர கணக்கு."

அதைக் கேட்டதும் கனகவல்லி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இம்மாகுலேற் தொந்தரவு செய்யவில்லை. தாள்களை அடுக்கிக் குண்டூசி குத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும் ஒண்டு அப்பிடிப் போனது. எண்பத்தி நாலில, யாழ்ப்பாணத்தில" என்றாள். "ஒருத்தரும் எந்தத் தாளிலயும் எழுதேல்லை. அதால எனக்கு இந்தக் கட்டம் நிரப்ப விருப்பம்."

கனகவல்லி திரும்பி வந்து அவள் தோளில் கை வைத்தாள். இம்மாகுலேற் அந்தக் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, "சரி, கையெழுத்துப் போடுங்கோ, எட்டு இடம்" என்றாள்.

நான்கு உறைகளையும் திங்கட்கிழமை வெம்பிளி தபாலகத்தில் ரெஜிஸ்டர் செய்து அனுப்பினார்கள். நியூ ஜெர்சியிலிருந்து ஜூலை மாதம் காசோலை வந்தது. மற்ற இரண்டு மாநிலங்களும் தங்களுக்குச் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு வேறெதுவும் கேட்கவில்லை. வந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அடுத்த வருஷம் கொலம்பஸுக்கு டிக்கெட் எடுத்தார்கள். நான்கு நாட்கள் இருந்துவிட்டு வந்தார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், படிவங்களை அனுப்பிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ஜம்புநாதன் திருச்சியில் இருந்த தன் அம்மாவுக்குப் போன் செய்தான். ஊரில் எல்லோரிடமும் கரு கலைந்துவிட்டதாகத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிச் சொன்னால் கேள்விகள் குறையும் என்று அவன்தான் முடிவு செய்திருந்தான்.

"அம்மா, ஒரு விஷயம். போன வருஷம் கலைஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல? அப்படி இல்லம்மா. பொறந்துச்சு. பொண்ணு. கொஞ்ச நேரம் உசிரோட இருந்தா."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவன், "அம்மா?" என்றான்.

"இருக்கேன்டா" என்றாள் விசாலாட்சி. "பேரு வச்சீங்களா?"

அவன் கனகவல்லியைப் பார்த்தான். "வச்சோம்மா. செண்பகம்."

அம்மா என்ன நினைப்பாளோ என்று அவனுக்குக் கொஞ்சம் உதைப்பாக இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்ல பேரு. மருமக இருக்காளா? அவகிட்ட குடு."

கனகவல்லி ரிசீவரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அத்தை" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழாதம்மா. எத்தனை மணிக்குப் பொறந்தா? அங்க நேரத்தைச் சொல்லு, இங்க நேரத்துக்கு நான் மாத்திக்கறேன். நட்சத்திரம் பார்த்து எழுதி வைக்கணும்ல. இரு, பேனா எடுத்துட்டு வர்றேன்."

கனகவல்லி காத்திருந்தாள். திருச்சி வீட்டில் மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும், பஞ்சாங்கத்தின் தாள்கள் புரளும் சத்தமும் அவளுக்குக் கேட்டன.

"ம், சொல்லு" என்றாள் மாமியார்.

"ஜூலை பதிமூணு, அத்தை. வியாழக்கிழமை. காலைல பத்து மணி பத்து நிமிஷம்."